சதுரடிக்கு எவ்ளோங்க? இந்தக் கேள்விக்கு ஏன் ஒரே பதில் வர மாட்டேங்குது

எங்க பெரிய மாமா காங்கேயத்துப் பக்கம் ஊடு கட்டுனாரு, சின்ன மாமா சூலூர்ப் பக்கம். ரெண்டுக்கும் ஒரே பிளான்தான், நான்தான் போட்டுக் குடுத்தேன், 30க்கு 40ன்னு 1200 சதுரடி. மேஸ்திரி கூட ஒரே ஆளு. கடைசில கணக்குப் பாத்தா சின்ன மாமாவுக்கு செலவு ரொம்ப எச்சாயிருச்சு. ஒரு ஒறம்பரை ஊட்டு விருந்துல பந்தியிலயே வெச்சு, "ஏண்டா மாப்ள, அண்ணனுக்கு ஒரு ரேட்டு, எனக்கு ஒரு ரேட்டாடா"ன்னு கேட்டுட்டாரு. பக்கத்து இலைல இருந்தவங்க எல்லாம் என்னையவே பாக்கறாங்க, எனக்கு சோறு எறங்கல.

சைட்ல சூப்பர்வைசரா இருக்கறவங்கள்ட்ட எங்க போனாலும் கேக்கற மொதக் கேள்வி இதுதான், சதுரடிக்கு எவ்ளோ. கேக்கறவங்க மேல தப்பில்ல, துணி மீட்டருக்கு எவ்ளோ, தேங்கா காய்க்கு எவ்ளோங்கற மாதிரி இதையும் நெனைச்சுக்கறாங்க. ஆனா சதுரடி ரேட்டுங்கறது வெலை இல்லைங்க, மொத்தச் செலவை எடுத்து பரப்பளவால வகுத்தா வர்ற சராசரி. ஊடு முடிஞ்சப்புறம் வர்ற விடையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேக்கறோம், அங்கதான் கொழப்பமே.

இலைக்கு எவ்ளோன்னு கேக்கற மாதிரி

கல்யாணத்துக்கு சமையல் பேசப் போனா இலைக்கு இவ்வளவுன்னு சொல்லுவாங்க. ஆனா 1000 இலைக்கு சொன்ன அதே ரேட்டுக்கு 100 இலைக்கு வருவாங்களா? வர மாட்டாங்க, ஏன்னா மாஸ்டர் கூலி, பாத்திர வாடகை, வேன் வாடகை இதெல்லாம் 100 இலைக்கும் அதேதான். மண்டபத்துல தண்ணி இல்லைன்னா டேங்கர் சொல்லணும், அது இலைல தெரியாது, பில்லுல தெரியும். பாயாசம் ஒண்ணா ரெண்டாங்கறது தனி.

ஊட்டுக்கும் அப்படியே. போர், தண்ணித் தொட்டி, செப்டிக் டேங்க், கரண்டு சர்வீஸ், மாடிப்படி, கிச்சன், பாத்ரூம் இதெல்லாம் 800 சதுரடி ஊட்டுக்கும் வேணும், 1600 சதுரடி ஊட்டுக்கும் வேணும். அதனால சின்ன ஊடுன்னா மொத்தச் செலவு கம்மி, ஆனா சதுரடி ரேட்டு எச்சா நிக்கும். நிறையப் பேரு இதைத் தலைகீழா நெனைச்சுட்டு "சின்ன ஊடுதானே, ரேட்டைக் கொறைங்க"ம்பாங்க. அதே மாதிரி பெட்ரூமை ரெண்டடி பெருசாக்கறதும் இன்னொரு பாத்ரூம் சேக்கறதும் ஒண்ணில்ல, பெட்ரூம்ல சேர்றது கொஞ்சம் செவுரு, தரை, கூரை, பாத்ரூம்ல பைப்பு, டைல்ஸ், குழாய், கதவு, தண்ணி கசியாம இருக்க பூச்சுன்னு வரிசையா வரும்.

இனிமே செலவை ரெண்டாப் பிரிச்சுப் பாப்போம். பேஸ்மட்டம் மட்டத்துல ஊட்டைச் சுத்தி கம்பி கட்டி ஒரு கான்கிரீட் ஓட்டுவாங்க பாருங்க, அதுதான் பெல்ட்டு. பெல்ட்டுக்கு கீழ ஆகற செலவை பெரும்பாலும் எடம் முடிவு பண்ணும், மேல ஆகறதை பிளான் முடிவு பண்ணும். ரேட்டைச் சொல்லி நான் விளக்கப் போறதில்ல, கம்பி வெலையும் எம்-சாண்ட் (கல்லை ஒடைச்சு எடுக்கற மணல்) வெலையும் மாசத்துக்கு ஒண்ணு, நான் எழுதறது நாளைக்கே பழசாயிரும். அளவு மாறாது, அளவுல பேசறேன், உங்க ஊர் வெலையை நீங்க போட்டுக்குங்க.

பெல்ட்டுக்கு கீழ: மண்ணு

மழை பேஞ்ச வாசல்ல கயித்துக்கட்டல் போட்டு உக்காந்தா காலு பொதையும். என்ன செய்வோம், காலுக்கு அடில ஒரு செங்கலையோ பலகையையோ வெப்போம். பாரம் அதேதான், பரவற எடம் பெருசாச்சு, பொதையல. பில்லருக்கு அடில போடற ஃபூட்டிங் இந்தப் பலகைதான், வேற ஒண்ணும் இல்ல. மண்ணு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு பாரத்தை பொதையாம தாங்குமோ அதுக்குப் பேரு தாங்குதிறன்.

ஒரு பில்லர்ல 40 டன் எறங்குதுன்னு கணக்குக்கு வெச்சுக்குவோம். மண்ணு சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும்னா ரெண்டு சதுர மீட்டர் போதும், அதாவது ஒரு பக்கம் நாலரை அடிக்கு கொஞ்சம் மேல. 10 டன்தான் தாங்கும்னா நாலு சதுர மீட்டர், ஒரு பக்கம் ஆறரை அடி. அகலம் எச்சாகும்போது பில்லரை விட்டு வெளிய நீட்டுற பகுதியும் எச்சாகுது, அது வளைஞ்சு ஒடையாம இருக்க தடிமனும் கம்பியும் எச்சாகணும். மண்ணு பாதி பலம்னா செலவு ரெண்டு மடங்குல நிக்காது, அதைத் தாண்டிப் போகும். இது ஒரு பில்லருக்கு, பன்னெண்டு பதினாலு பில்லர் இருக்கற ஊட்டுல நீங்களே பெருக்கிப் பாருங்க.

பெரிய மாமா எடம் செம்மண், அடில சரளை, நாலஞ்சு அடில கடப்பாறை போட்டா டங்குன்னு சத்தம் கேட்டுச்சு. சின்ன மாமா எடம் கரிசல். கரிசல்ல பிரச்சினை தாங்குதிறன் மட்டும் இல்லைங்க, அது ஊறுற மண்ணு. ஜவ்வரிசியை தண்ணில போட்டா உப்புற மாதிரி, அந்தக் களிமண்ணுல இருக்கற மெல்லிசு மெல்லிசான அடுக்குகளுக்கு நடுவுல தண்ணி பூந்து உப்பும், காஞ்சா சுருங்கும். சித்திரைல கரிசக்காட்டுல வெடிப்புக்குள்ள குச்சியை விட்டா முழுசா உள்ள போயிரும், ஐப்பசில அதே வெடிப்பு மூடிக்கும். நெலம் வருசா வருசம் இப்படி மூச்சு விடறது மேல இருக்கற ஊட்டையும் தூக்கி எறக்கும், அதுவும் ஒரே மாதிரி இல்லாம, பாத்ரூம் தண்ணி போற மூலைல ஒரு மாதிரி, வேப்பமரம் தண்ணியை உறிஞ்சற மூலைல ஒரு மாதிரி. அப்பத்தான் ஜன்னல் மூலைல இருந்து சாய்வா விரிசல் கெளம்பும். மூணு மாடிக் கட்டடம் தன் கனத்துல மண்ணை அமுக்கி வெச்சுக்கும், இதுல மொதல்ல அடி வாங்கறது காம்பவுண்டு செவுரும் ஒத்தை மாடி ஊடும்தான்.

இதுக்கு வழி என்னன்னா, கரிசல் ஆழம் கம்மின்னா அதைத் தாண்டி கெட்டி மண்ணு வரைக்கும் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டறது. ஆழம் எச்சுன்னா, மழை வெயிலுக்கு மண்ணு அசையற ஆழத்தைத் தாண்டி, ஏறக்குறைய மூணரை மீட்டருக்குக் கொறையாம குழி போட்டு, அடில குடம் மாதிரி அகலப்படுத்தி கான்கிரீட் நெரப்பறது, அதுக்கு அண்டர் ரீம்டு பைல்னு பேரு. ரூர்க்கில இருக்கற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம்ம நாட்டுக் கரிசலுக்காகவே வளத்தெடுத்த முறை இது. குடம் கீழ அசையாத மண்ணுல மாட்டிக்கும், மேல மண்ணு உப்புனாலும் ஊட்டைத் தூக்காது. இதெல்லாம் பெரிய மாமாவுக்குத் தேவையே படல. சின்ன மாமா காசுல பெரிய பங்கு போனது இங்கதான், ஊடு முடிஞ்சு குடி போனப்புறம் யாரு கண்ணுக்கும் அது தெரியாது, அதனாலதான் அவருக்கு ஆத்தரமே.

பாறை இருந்தா யோகம்னு நெனைக்காதீங்க. கடக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு லாபம், தண்ணித் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் நட்டம், பிரேக்கர் வண்டி மணிக்கணக்குல ஓடும்.

தூத்த கெணறு

இது நம்மூருக்குன்னே இருக்கற சமாச்சாரம், கொஞ்சம் நின்னு சொல்றேன். கொங்குல இப்ப சைட்டாப் பிரிச்சு விக்கற எடமெல்லாம் முன்ன தோட்டம். தோட்டம்னா கெணறு இருந்திருக்கும், அதுவும் தெக்கத்தி உறைக்கெணறு மாதிரி சின்னது இல்ல, கமலை ஓட்டுன பெரிய சதுரக் கெணறு. போர் போட்டு 800 அடி, 1000 அடின்னு போனப்புறம் கெணறு வறண்டுச்சு, அதைக் கண்டமண்ணு, குப்பை, இடிச்ச செங்கல் எல்லாம் கொட்டித் தூத்துட்டு மேல செம்மண்ணைப் பரப்பி கல்லு நட்டுட்டாங்க. பாக்கறதுக்கு நல்ல மட்டமான எடம். அதுமேல கட்டுனா ஊடு பாதி கெட்டித் தரைல, பாதி கெணத்துல.

எனக்கே ஒருக்கா நடந்துச்சு, ஒரு லேஅவுட்ல மூணு ஃபூட்டிங் குழி அஞ்சடில கெட்டி, நாலாவது குழில ஏழடி போயும் சாக்குப்பை, செருப்பு, ஒடைஞ்ச ஓடுன்னு வந்துக்கிட்டே இருக்கு. பக்கத்துல ஆடு மேச்சுட்டு இருந்த ஒரு ஆத்தாவைக் கேட்டேன், "ஏனுங்காத்தா, இங்க கெணறு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" அவங்க சிரிச்சுட்டு, "ஏஞ்சாமி, நீ நிக்கறதே கெணத்து மேட்டுலதான்"னாங்க. அன்னைக்கே வேலையை நிறுத்தி பிளானைத் தள்ளிப் போட்டோம், அந்த மூலைய காலியா விட்டாச்சு. மண்ணுப் பரிசோதனை கண்டிப்பாப் பண்ணுங்க, கட்டற செலவுல அது துளி, ஆனா அது குழி போட்ட எடத்தைப் பத்தித்தான் சொல்லும். அதோட சேத்து அந்த ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரைக் கேட்டுட்டு வாங்க, அவங்களுக்கு மொத்தத் தோட்டமும் தெரியும்.

பள்ளம், சரிவு, இட்டேரி

ரோட்டை விட மூணடி பள்ளமா இருக்கற சைட்டு கொஞ்சம் சகாயமாக் கெடைக்கும். 1200 சதுரடிய மூணடி தூக்கணும்னா 3600 கன அடி கிராவல். 100 கன அடி ஒரு யூனிட்டு, ஆக 36 யூனிட்டு, தண்ணி விட்டு கெட்டிச்சா அமுங்கும், அதனால அதுக்கும் மேல. அதோட முடியாது, கொட்டுன மண்ணு மேல ஃபூட்டிங் வெக்கக் கூடாது, பழைய தரை வரைக்கும் போகணும், பில்லர் நீளம் சேரும். சைட்டு சகாயம்னு மிச்சம் புடிச்ச காசு டிப்பர்ல போயிரும்.

சரிவான எடம்னா தடுப்புச் செவுரு வேணும், ஆனைகட்டிப் பக்கமெல்லாம் பாத்திருப்பீங்க. இதுல ஏமாத்தற கணக்கு ஒண்ணு இருக்கு. செவுரு ஒசரம் ரெண்டு மடங்கானா மண்ணு தள்ளற விசை நாலு மடங்கு, செவுத்தைக் கவுக்கற வலு எட்டு மடங்கு. அதனால எட்டடில ஒரே செவுரு கட்டறதை விட நல்லா எடைவெளி விட்டு நாலடில ரெண்டு படியாக் கட்டறது பல எடத்துல சகாயம், மலையடிவாரத்துல நம்ம அப்பாருங்க காட்டை வரப்பு வரப்பா படி வெட்டி வெச்சதும் இதே கணக்குலதான்.

அப்புறம் வழி. இட்டேரிக்குள்ள, அதாவது ரெண்டு பக்கமும் வேலி இருக்கற குறுகலான பாதைக்குள்ள, இருக்கற தோட்டத்துல கட்டுனா காத்தும் நெழலும் சொகம்தான், ஆனா டிப்பர் முக்குல நின்னுரும், அங்கிருந்து ஜல்லி, மணல், செங்கல் எல்லாம் டிராக்டர் நடையா, இல்ல தலைச்சுமையா. ஒரு தடவை எறக்க வேண்டியதை ரெண்டு தடவை எறக்கறீங்க.

கீழ்க்கணக்கு இவ்வளவுதான்: மண்ணு என்ன, எவ்வளவு ஆழத்துல கெட்டி, ரோட்டுக்கு மேலயா கீழயா, வண்டி வருமா. சைட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சிருக்கணும். வாங்குனப்புறம் மண்ணை மாத்த முடியாது.

பெல்ட்டுக்கு மேல: உருவம்

இனி பிளானுக்கு வருவோம். பரப்பளவு ஒண்ணா இருந்தாலும் சுத்தளவு ஒண்ணா இருக்காது. 30க்கு 40 ஊடு 1200 சதுரடி, சுத்திப் பாத்தா 140 அடி செவுரு. 20க்கு 60 ஊடும் 1200தான், சுத்தளவு 160. 40க்கு 40ல ஒரு மூலைய 20க்கு 20 வெட்டி எல் வடிவத்துல போட்டாலும் 1200தான், சுத்தளவு மறுபடி 160. இருபது அடி எச்சு, அதாவது வெளிச்செவுரு ஏழுல ஒரு பங்கு கூடுது. பத்தடி ஒசரத்துக்கு 200 சதுரடி செவுரு, அதுக்கு உள்ள ஒரு பூச்சு, வெளிய ஒரு பூச்சு, பெயிண்டு, அடில பெல்ட்டு, கடக்கால். தடாகத்துச் சூளைகளை 2021ல மூடினதுக்கு முன்ன கோயமுத்தூர்ப் பக்கம் செங்கல் கைக்கெட்டுற தூரத்துல, இப்ப லாரி வாடகையும் சேத்துத்தான் ஒரு கல்லு வெலை, அதனால சுத்தளவு முன்ன விட இப்ப உறைக்குது.

சதுரம்தான் நல்லது, எல்லாரும் டப்பா மாதிரி கட்டுங்கன்னு நான் சொல்லல. எல் வடிவத்துல நடுவுல ஒரு வாசல் கெடைக்கும், காத்து வரும், பழைய தொட்டிக்கட்டு ஊட்டுல பொறந்து வளந்தவங்களுக்கு அந்த வாசல் இல்லாம ஊடுன்னே தோணாது. வேணும்னா வையுங்க, ஆனா அந்த 20 அடிக்கு காசு குடுக்கறோம்னு தெரிஞ்சு வையுங்க. நான் கடுப்பாகறது முன்பக்க எலிவேஷனுக்காக யாருக்கும் உபயோகமில்லாம ஒம்பது எடத்துல மூலை திருப்பறாங்களே, அதுக்குத்தான்.

எட்டித் தாண்டுற தூரம்

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கா மேல தென்னமரத்தைப் போட்டு நடந்திருப்பீங்க. சின்னக் கிளை வாய்க்கான்னா மரம் அசையாது, பெரிய வாய்க்கான்னா நடுவுல போகும்போது தொங்கும். ரெண்டு தாங்கிக்கும் நடுவுல இருக்கற இந்தத் தூரத்துக்குப் பேரு ஸ்பான். ஸ்பான் ரெண்டு மடங்கானா ரெண்டு மடங்கு கஷ்டம்னுதான் மனசு சொல்லும், நெசத்துல வளைக்கற விசை நாலு மடங்கு, அதே தடிமன்ல விட்டா தொங்கறது பதினாறு மடங்கு.

அதனால ஹால் பெருசாங்கறது கேள்வியே இல்ல, குறுக்களவு எவ்வளவுங்கறதுதான் கேள்வி. 24க்கு 12 ஹால்னா கூரை பாரத்தை அந்த 12 அடி பக்கமாத்தான் கடத்தும், சுலபமா நிக்கும். 20க்கு 20 வேணும், நடுவுல பில்லர் ஆகாதுன்னா பெரிய பீம் போடணும், இல்ல கூரையத் தடிக்க வெக்கணும். 1200 சதுரடி கூரைய ஒரு இஞ்சு தடிக்க வெச்சாலே 100 கன அடி கான்கிரீட்டு, ஏழு டன்னு. அந்த ஏழு டன் ஆகாசத்துல நிக்காது, பீம் வழியா பில்லர், பில்லர் வழியா ஃபூட்டிங்னு எறங்கும், கரிசல்ல இருந்தா மறுபடி ஃபூட்டிங் பெருசாகும்.

பால்கனி இன்னொரு வகை. ஒரு பக்கம் மட்டும் புடிச்சுட்டு மறுபக்கம் அந்தரத்துல நீட்டுறதுக்கு கான்டிலீவர்னு பேரு. தண்ணிக் கொடத்தை இடுப்புல வெச்சா சுலபம், அதே கொடத்தை கையை நீட்டிப் புடிச்சா ஒரு நிமிசம் தாங்காது. ரெண்டு பக்கமும் தாங்குற அதே நீளக் கூரையை விட இதுல வளைக்கற விசை நாலு மடங்கு. மூணடி நீட்டுங்க, பரவால்ல. சின்ன மாமா அஞ்சரை அடி கேட்டாரு, அதுவும் அரைவட்டமா, வட்டத்துக்கு சென்ட்ரிங் பலகை (கான்கிரீட் ஊத்த அடில அச்சா கட்டற பலகை) வெட்டுனா மறுபடி வேற வேலைக்கு ஆகாது. நான் வேண்டாம்னேன், அத்தை ஆசைப்பட்டாங்க, வெச்சாச்சு.

மாடி எடுக்கறீங்கன்னா கீழ் செவுத்துக்கு நேரா மேல் செவுரு வரட்டும். ஒம்பது இஞ்சு செங்கச் செவுரு பத்தடி ஒசரத்துக்கு ஓரடிக்கு ஏறக்குறைய 400 கிலோ, பன்னெண்டு அடி செவுரு அஞ்சு டன் கிட்ட, ஆனைமலைக் காட்டுல ஒரு ஆம்பள ஆனை வெயிட்டு. கீழ செவுரோ பீமோ இல்லாத எடத்துல அதைக் கொண்டாந்து வெக்கற பிளான் நெறையப் பாக்கறேன். பாத்ரூமும் அப்படித்தான், மேலதும் கீழதும் ஒரே நேர்ல இருந்தா ஒரு பைப்பு, ஆளுக்கொரு மூலைல இருந்தா ஊட்டைச் சுத்தி பைப்பு.

செவுரு ஒசரம் பத்துல இருந்து பதினொண்ணாக்கறது எல்லாரும் பயப்படற அளவு இல்ல, செவுரு, பூச்சு, ரெண்டு படி சேரும், கூரையும் தரையும் அதேதான்.

அளவுல வீணாகறது

திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர் துணி மேல பேட்டர்னை எப்படி நெருக்கி அடுக்கறாரோ அதுலதான் லாபம், பிட்டு விழுந்தா நட்டம். கம்பி 40 அடி நீளத்துல வருது, டைல்ஸ் ரெண்டுக்கு ரெண்டுன்னு வருது. ரூம் உள்ளளவு பத்தடி மூணு இஞ்சுன்னா ஒவ்வொரு வரிசைலயும் மூணு இஞ்சுக்கு ஒரு கல்லை வெட்டணும். சின்ன விசயம்தான், பிளான்ல ஒரு கோட்டை நகத்துனா சரியாயிரும்.

கம்பில மட்டும் கை வெக்காதீங்க. நம்மூருக்கு நெலநடுக்கமே வராதுன்னு மேஸ்திரிக சொல்லுவாங்க, 1900 பிப்ரவரில கோயமுத்தூர்ல நல்லாவே ஆடியிருக்கு, ரிக்டர் கணக்குல ஆறை ஒட்டி. கீழ கார் நிறுத்த செவுரே இல்லாம பில்லர் மேல நிக்கற ஊட்டுல இது ரொம்ப முக்கியம். உருவத்துல மிச்சம் புடிங்க, பலத்துல வேண்டாம்.

கொட்டேஷன் வாங்கும்போது

ரெண்டு மூணு பேருகிட்ட ரேட்டுக் கேட்டா, பெல்ட்டுக்கு கீழ எவ்வளவு, மேல எவ்வளவுன்னு தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. போர்ட்டிகோ, பால்கனி சதுரடில முழுசாச் சேருதா பாதியா, தண்ணித் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு உள்ள இருக்கா வெளியவான்னு கேளுங்க. ஒருத்தர் சதுரடிக்கு 200 ரூவா கம்மியாச் சொல்லுவாரு, உள்ள பாத்தா கிராவல் நெரப்பறது ஓனர் பொறுப்புன்னு இருக்கும்.

அந்தப் பந்தி முடிஞ்ச அடுத்த வாரம் ரெண்டு மாமா கணக்கையும் இப்படித்தான் பிரிச்சு எடுத்துட்டுப் போனேன். பெல்ட்டுக்கு மேல ரெண்டு பேருக்கும் வித்தியாசம் அந்த அரைவட்டப் பால்கனியும் அதைத் தாங்கற பீமும்தான். கீழதான் எல்லாம் போயிருந்துச்சு. சின்ன மாமா ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "அப்ப இந்த சைட்டை வாங்கித் தந்த புரோக்கரைத்தான்டா நான் கேட்டிருக்கணும்"னாரு. அத்தை உள்ள இருந்து, "பால்கனியைப் பத்தி ஒண்ணும் பேசலையில்ல?"ன்னு சத்தம் குடுத்தாங்க.